டிஸ்க் திடீரென்று காணவில்லையா? சாஸ் எச்.பி.ஏ. கார்டையும் அதன் டிரைவரையும் அமைத்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

"அண்ணாச்சி, எட்டு டிஸ்க்ல நாலு காணல. டிரைவர் போயிட்டு போல."

திருநெல்வேலிப் பக்கம் சர்வர் பார்த்துக் கொடுக்கிறவர்களுக்கு வரும் ஃபோன் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். பாளையங்கோட்டை ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ, டவுன் ஜவுளிக்கடையில் கேமரா பதிவு, வள்ளியூர் அச்சகத்தில் பத்து வருட டிசைன் கோப்புகள் என்று எல்லாம் ஒரு பெட்டிக்குள் எட்டு டிஸ்கில் கிடக்கும். அந்த எட்டையும் மதர்போர்டோடு சேர்க்கிற சின்னக் கார்டுதான் எச்.பி.ஏ.; டிஸ்கோடு அது பேசும் இணைப்பு முறையின் பெயர் சாஸ். அந்தக் கார்டு சொல்வதைக் கணினிக்குப் புரியவைப்பது டிரைவர். டிஸ்க் காணாமல் போனால் சேதி சொல்வது டிரைவர் என்பதால் பழியும் அதன் தலையில் விழுகிறது. உண்மையில் பெரும்பாலும் கோளாறு சூட்டிலோ, பவர் கேபிளிலோ, கார்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் பழையதாக இருப்பதிலோ, ஒரு டிஸ்கிலோதான் இருக்கும். டிரைவரைச் சாட்சியாக வைத்து விசாரிக்கத் தெரிந்துகொண்டால் வேலை பாதி முடிந்த மாதிரி.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிக்கிறபடி தமிழில் தந்திருக்கிறோம். திரையில் அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். இங்கே சொல்வதெல்லாம் லினக்ஸ் கணினிக்கு. ஃப்ரீபிஎஸ்டி வைத்திருப்பவர்களுக்கு டிரைவர் பெயர்கள் எம்பிஎஸ், எம்பிஆர் என்று மாறும். வயரிங், சூடு, ஃபர்ம்வேர் பற்றிச் சொல்வது அவர்களுக்கும் பொருந்தும்.

எந்தக் கார்டு

நம் பக்கம் புழங்குவது பெரும்பாலும் எல்.எஸ்.ஐ. வழி வந்த கார்டுகள். எல்.எஸ்.ஐ. நிறுவனத்தை 2014-ல் அவாகோ வாங்கியது. 2016-ல் அவாகோ பிராட்காமை வாங்கி, பிராட்காம் என்றே பெயரை மாற்றிக்கொண்டது. அதனால் ஒரே கார்டு மூன்று பெயரில் கிடைக்கும். டெல் எச்310, ஐ.பி.எம். எம்1015 என்று வருபவையும் உள்ளே அதே சாஸ் 2008 சிப்தான்.

9211-8ஐ கார்டில் இருப்பது சாஸ் 2008, பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0. 9207-8ஐ-யில் சாஸ் 2308, பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0. இரண்டும் 6 கிகாபிட். 9300-8ஐ-யில் சாஸ் 3008, 12 கிகாபிட். சுழலும் டிஸ்க் எட்டுக்கு 9207 போதும், தாராளமாகப் போதும். இன்னும் பழைய 1068 சிப் கார்டு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். 2 டிபிக்கு மேல் உள்ள டிஸ்கை அது முழுதாகப் பார்க்காது.

சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சலில் வரும் பழைய கார்டு என்றால் மூன்றைப் பாருங்கள். ஹீட்சிங்க் ஆடாமல் இருக்க வேண்டும். தங்க முனையில் கறுப்போ கீறலோ கூடாது. பின்பக்க ஸ்டிக்கரில் சாஸ் முகவரி, அதாவது 5-ல் தொடங்கும் பதினாறு இலக்க எண், அழியாமல் இருக்க வேண்டும். அதைக் கையோடு படம் எடுத்துவையுங்கள், பின்னால் தேவைப்படும். ஒரே கடையில் இரண்டு கார்டு வாங்கினால் இரண்டிலும் முகவரி வெவ்வேறுதானா என்றும் பாருங்கள். போலிக் கார்டுகளும் சந்தையில் உண்டு.

முதல் எதிரி சூடு

இந்தக் கார்டுகள் காற்று பலமாக ஓடும் ரேக் சர்வருக்காக வடிவமைத்தவை. நிமிடத்துக்கு 200 அடி வேகத்தில் காற்று மேலே பட வேண்டும் என்பதும், சுற்றியுள்ள காற்று 55 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பதும் தயாரிப்பாளரே சொன்ன கணக்கு. நாம் அதை டவர் கேபினட்டின் அடி ஸ்லாட்டில் சொருகிவிடுகிறோம். அங்கே காற்று அசையாது. சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாத அறை மதியம் 38 டிகிரியில் நின்றால், மூடிய பெட்டிக்குள் கார்டைச் சுற்றி எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் பார்க்கலாம்.

பழைய கார்டு எதுவானாலும் முதலில் ஹீட்சிங்கைக் கழற்றிப் பேஸ்ட் மாற்றுங்கள். கார்டைத் திருப்பினால் ஸ்பிரிங் வைத்த இரண்டு பிளாஸ்டிக் ஆணிகளின் பிளந்த நுனி தெரியும். கூர்மூக்கு இடுக்கியால் நுனியை மெல்ல நெருக்கினால் ஆணி மறுபக்கம் வழுக்கி வந்துவிடும். ஹீட்சிங்கை நெம்பாதீர்கள். ஆணியை எடுக்குமுன்பே கார்டைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு இளஞ்சூட்டோடு இடவலமாகத் திருகினால் கையோடு வரும். உள்ளே பழைய பேஸ்ட் விபூதி மாதிரி உதிரும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்து, சிப்பின் நடுவில் ஒரு அரிசி மணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து மூடுங்கள்.

அடுத்து விசிறி. 40 மி.மீ. 12 வோல்ட் விசிறியை ஹீட்சிங்கின் தகடுகளுக்கு மேலேயே திருகலாம். ஆனால் சின்ன விசிறி தூசியில் சீக்கிரம் இறுகிப்போகும். 92 மி.மீ. விசிறி ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி, கார்டின் மேல் காற்று போகும்படி வைப்பதுதான் நம் ஊருக்குச் சரி. நீண்ட நாள் உழைக்கும். 9300 கார்டில் வெப்ப உணரி உண்டு. ஸ்டோர்சிஎல்ஐ கருவியில் சிப்பின் வெப்பநிலை தெரியும். வேலை நடக்கும்போது 70-ஐத் தாண்டாமல் வைத்துக்கொண்டால் நல்லது. 9211-இல் உணரி கிடையாது. ஹீட்சிங்கில் விரலை வைத்து மூன்று எண்ணுவதற்குள் எடுக்க வேண்டியிருந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம்.

கேபிள், பவர், ஸ்லாட்

9211, 9207 இரண்டுக்கும் எஸ்.எஃப்.எஃப்.-8087 பிளக். 9300-க்கு 8643. ஒரு பிளக்கில் நாலு லேன், அதாவது நாலு தரவுப் பாதை. அதிலிருந்து டிஸ்கில் சொருகும் நாலு சாட்டா வால் பிரியும். கடையில் கேட்கும்போது "ஃபார்வர்ட் பிரேக்அவுட்" என்று அழுத்திச் சொல்லுங்கள். ரிவர்ஸ் கேபிள் பார்க்க அச்சு அசல் அப்படியே இருக்கும், சொருகவும் செய்யும், ஆனால் டிஸ்க் ஒன்றுகூடத் தெரியாது. டிரைவரைத் திரும்பத் திரும்ப நிறுவிப் பார்த்து ஒரு முழு நாளை இழப்பது இந்த இடத்தில்தான். நீளம் அரை மீட்டர் போதும். சாட்டாவுக்கு ஒரு மீட்டரே எல்லை. வால்களை ஜிப் டையால் இறுக்கிக் கட்டி மடக்காதீர்கள்.

பவரில் கவனமாக இருங்கள். சுழலும் 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் கணத்தில் 12 வோல்ட் கம்பியில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். எட்டும் ஒரே நேரத்தில் எழுந்தால் 16 ஆம்பியர், 190 வாட்டுக்கு மேல். ஒரு கேபிளில் நாலு டிஸ்குக்கு மேல் தொங்கவிடாதீர்கள். மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் ஸ்ப்ளிட்டரில், கம்பியோடு பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகையைத் தொடவே வேண்டாம். உள்ளே கம்பிகள் நெருங்கி, உருகித் தீப்பிடித்த கேபிள்கள் அந்த வகைதான். கம்பியைத் தனித்தனியாகக் கடித்துப் பிடிக்கும் வகையை வாங்குங்கள்.

வோல்ட்டேஜை எஸ்.எம்.பி.எஸ். என்ற பவர் பெட்டியின் பக்கம் பார்ப்பதில் பயனில்லை. கடைசி டிஸ்கின் கனெக்டரில், எல்லா டிஸ்கும் படித்துக்கொண்டிருக்கும்போது, மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்புக் கம்பியிலும் சிவப்பு முனையை மஞ்சள் கம்பியிலும் வையுங்கள். 11.4-க்குக் கீழே இறங்கினால் டிஸ்க் தானாக ரீசெட் ஆகலாம். டிரைவர் அதை "பவர் ஆன் ஆர் டிவைஸ் ரீசெட் அக்கர்ட்" என்று எழுதும். அந்த வரியைப் பார்த்தவுடன் மீட்டரை எடுக்க வேண்டும், மவுஸை அல்ல.

எர்த்தையும் பாருங்கள். கோடையில் எர்த் குழி காய்ந்துவிட்டால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட் ஏறும். 2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் குழியைச் சரிபாருங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் சதுர அலை வரும் வகை சர்வருக்கு ஆகாது. சைன் அலை யு.பி.எஸ். வேண்டும்.

ஸ்லாட்டுக்கு வருவோம். கார்டு எட்டு லேன். நாலு லேன் மட்டுமே கிடைக்கும் ஸ்லாட்டிலும் ஓடும். பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0-வில் அப்போது விநாடிக்கு 2 ஜிபி. எட்டு டிஸ்க் தலா 200 எம்பி கொடுத்தாலும் 1.6 ஜிபிதான். ஒரு லேன் மட்டும் கிடைத்தால் பிரச்சினை. டெல், ஐ.பி.எம். கார்டு போட்டதும் சாதாரண மதர்போர்டு பூட் ஆகாமல் நின்றால், கார்டின் தங்க முனைகளில் பி5, பி6 என்ற இரண்டின் மேல் மட்டும் மின்சாரம் கடத்தாத மெல்லிய காப்டான் டேப்பை ஒட்டுங்கள். எஸ்.எம்.பஸ் இணைப்பு துண்டிக்கப்பட்டு போர்டு எழுந்துவிடும்.

இன்னொன்று. வெளிப்புற யு.எஸ்.பி. பெட்டியிலிருந்து கழற்றிய டிஸ்க் சில நேரம் சுழலவே சுழலாது. சாட்டா பவரின் மூன்றாவது முனையில் 3.3 வோல்ட் வந்தால் அதை "அணைந்திரு" என்ற கட்டளையாக எடுத்துக்கொள்ளும் டிஸ்க் அது. அந்த முனைக்கும் அதே டேப்தான் மருந்து.

ஃபர்ம்வேர்: ஐடி மோடு

கார்டில் இரண்டு வகை ஃபர்ம்வேர் ஏறும். ஐஆர் வகை ரெய்டை, அதாவது பல டிஸ்கை ஒன்றாகச் சேர்க்கும் ஏற்பாட்டை, தானே செய்யும். ஐடி வகை டிஸ்கை அப்படியே லினக்ஸிடம் நீட்டும். அந்தச் சேர்க்கும் வேலையை இசட்எஃப்எஸ் அல்லது எம்டிஏடிஎம் என்ற மென்பொருளில் ஓட்டுகிறவர்களுக்கு ஐடிதான் சரி. கார்டு செத்தாலும் வேறு கார்டு போட்டு டிஸ்கை அப்படியே படிக்கலாம்.

சாஸ் 2008, 2308 இரண்டுக்கும் 20.00.07.00 என்ற பதிப்பைப் போடுங்கள். 20-ல் தொடங்கும் முந்தைய பதிப்புகளில் பிழைகள் இருந்தன. பழைய கார்டில் அவை ஏறியிருந்தால் உடனே மாற்றுங்கள். 3008-க்கு 16.00.10.00 அல்லது அதற்குப் பிந்தையது.

எஃப்ஏடி32 பென்டிரைவில் இஎஃப்ஐ ஷெல், சாஸ்2ஃப்ளாஷ் கருவியின் இஎஃப்ஐ பதிப்பு, 9211-க்கான 2118ஐடி கோப்பு மூன்றையும் போடுங்கள். டாஸ் பதிப்பைப் புது மதர்போர்டில் ஓட்டினால் "ஃபெயில்ட் டு இனிஷியலைஸ் பால்" என்று நின்றுவிடும். கார்டு கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். எல்லா டிஸ்க் கேபிளையும் கழற்றிவிட்டு, யு.பி.எஸ். சார்ஜ் நிறைந்திருப்பதை உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

முதலில் -லிஸ்ட்ஆல் கொடுத்து இப்போது என்ன இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து -ஓ -இ 6 பழையதை அழிக்கும். அழித்த பிறகு, புதியதை எழுதி முடிக்கும்வரை கணினியை அணைக்கவோ ரீஸ்டார்ட் செய்யவோ கூடாது. கார்டு செத்துப்போவது இந்த இடைவெளியில்தான். உடனே -ஓ -எஃப் கொடுத்துப் புதுக் கோப்பின் பெயரை அடியுங்கள். பூட் ராமை எழுதும் -பி விருப்பம் தேவையில்லை. கார்டில் உள்ள டிஸ்கிலிருந்து பூட் செய்யாதவர்களுக்கு அது இல்லாவிட்டால் கணினி சீக்கிரம் எழும். கடைசியாக -ஓ -சாஸ்ஆட் கொடுத்து ஸ்டிக்கரில் படமெடுத்த முகவரியை இடைவெளியில்லாமல் அடியுங்கள். டெல், ஐ.பி.எம். கார்டுகளுக்கு இதற்கு முன் மெகாரெக் கருவியால் பழைய அடையாளத்தை எடுத்துவைத்துத் துடைக்கும் படி ஒன்று கூடுதலாக உண்டு.

டிரைவர் ஏறியிருக்கிறதா

எல்எஸ்பிசிஐ -என்என்கே என்று அடியுங்கள். கார்டின் பெயருக்குக் கீழே "கெர்னல் டிரைவர் இன் யூஸ்" என்ற வரியில் எம்பிடி3சாஸ் என்று இருக்க வேண்டும். பிறகு டிமெசேஜ் (அடிக்க வேண்டிய எழுத்துகள் டி, எம், இ, எஸ், ஜி மட்டும்) காட்டும் லினக்ஸின் பதிவில் எம்பிடி என்று தேடினால், சிப்பின் பெயரும் ஃபர்ம்வேர் பதிப்பும் ஒரே வரியில் வரும்.

இங்கே பலர் குழம்புகிறார்கள். பதிவில் எம்பிடி2சாஸ் என்றும், எல்எஸ்பிசிஐ-யில் எம்பிடி3சாஸ் என்றும் வரும். முன்பு இரண்டு தனி டிரைவர்கள் இருந்தன, லினக்ஸ் 4.4 பதிப்பில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். 6 கிகாபிட் கார்டு என்றால் பதிவில் மட்டும் பழைய பெயரையே எழுதும். ஒன்றும் தவறில்லை, கைவைக்காதீர்கள்.

லேன் கணக்கைப் பார்க்க எல்எஸ்பிசிஐ -விவி. எல்என்கேகேப் வரி கார்டின் தகுதியைச் சொல்லும், எல்என்கேஸ்டா வரி இப்போது கிடைப்பதைச் சொல்லும். எட்டுக்குப் பதில் ஒன்று என்று காட்டினால் கார்டைக் கழற்றித் தங்க முனையை ஆல்கஹாலில் துடைத்துத் திரும்பச் சொருகுங்கள்.

டிரைவருக்கு விருப்பங்கள் கொடுக்க, ஈடிசி அடைவில் மோட்புரோப்.டி என்ற இடத்தில் ஒரு கோப்பு வைத்து, "ஆப்ஷன்ஸ் எம்பிடி3சாஸ்" என்று தொடங்கி எழுத வேண்டும். எழுதியதோடு முடியவில்லை. டெபியன், உபுண்டு என்றால் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு; ரெட்ஹேட் குடும்பம் என்றால் டிராகட் -எஃப். இதை மறந்தால் பழைய அமைப்பே தொடரும், "மாத்திப் பாத்துட்டேன், பிரயோஜனமில்ல" என்று தவறான முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

விருப்பங்கள் நிறைய இருந்தாலும் தொட வேண்டியவை சில மட்டுமே. லாகிங்_லெவல் என்பதற்கு 1016 கொடுத்தால் பதிவு விரிவாக வரும். கோளாறு தேடும்போது மட்டும் வைத்து, முடிந்ததும் 0 ஆக்குங்கள். எம்எஸ்ஐஎக்ஸ்_டிசேபிள் என்பதற்கு 1 கொடுப்பது, சில பழைய போர்டுகளில் கார்டு தெரிந்தும் டிஸ்க் ஒன்றும் வராதபோது பலன் தரும். மேக்ஸ்_க்யூ_டெப்த்தை வேகத்துக்காக ஏற்றச் சொல்லும் யோசனைகளை விட்டுவிடுங்கள். சாட்டா டிஸ்க் ஒரு நேரத்தில் 32 கட்டளைக்கு மேல் வாங்காது; டிரைவரே அதற்கு 32-ஐத்தான் வைக்கிறது.

டிரைவரே ஏறவில்லை என்றால்

ரெட்ஹேட் 8-க்கு மாறிய அன்று 9211 கார்டு "காணாமல்" போனால் கார்டில் குற்றமில்லை. அந்தப் பதிப்பிலிருந்து சாஸ் 2008-ன் அடையாள எண்ணை ரெட்ஹேட் தன் டிரைவரிலிருந்து நீக்கிவிட்டது. எல்ரெப்போ களஞ்சியத்திலிருந்து கேமாட்-எம்பிடி3சாஸ் தொகுப்பை நிறுவினால் திரும்ப வரும். டெபியன், உபுண்டுவில் இந்தச் சிக்கல் இல்லை. வெளியிலிருந்து நிறுவிய டிரைவர் "ரிக்வயர்ட் கீ நாட் அவைலபிள்" என்று மறுத்தால், பதிவு செய்யாத டிரைவரைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்குகிறது. டிரைவரின் சாவியைப் பதிவு செய்யுங்கள், அல்லது பயாஸில் செக்யூர் பூட்டை அணையுங்கள்.

"அனேபிள் டு மேப் அடாப்டர் மெமரி" என்று வந்தால் நினைவக முகவரி கிடைக்கவில்லை. பயாஸில் "அபவ் 4ஜி டிகோடிங்" அமைப்பை மாற்றிப் பாருங்கள்; தீராவிட்டால் கெர்னல் வரியில் பிசிஐ=ரீஅலாக்=ஆஃப் சேர்த்துப் பாருங்கள்.

முப்பது விநாடித் தகராறு

நல்ல டிஸ்க் ரெய்டிலிருந்து தூக்கி எறியப்படுவதற்கு இதுவே பெரிய காரணம், இங்கே நிதானமாகப் படியுங்கள்.

டிஸ்கில் ஒரு செக்டர், அதாவது ஒரு சின்னத் துண்டு, படிக்க முடியாமல் போனால், டிஸ்க் தானே திரும்பத் திரும்ப முயலும். வீட்டுக் கணினி டிஸ்க் இரண்டு நிமிடத்துக்கு மேல்கூட முயன்றுகொண்டிருக்கும், அதுவரை பதில் பேசாது. லினக்ஸ் காத்திருப்பதோ 30 விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் டிரைவர் "அட்டெம்ப்டிங் டாஸ்க் அபார்ட்" என்று எழுதிக் கட்டளையை ரத்து செய்யும். கேட்காவிட்டால் டிஸ்கை ரீசெட் செய்யும். கடைசியில் ரெய்டு அந்த டிஸ்கை வெளியேற்றும். கெட்டது ஒரே ஒரு செக்டர். போனது முழு டிஸ்க். அதைத் திரும்பச் சேர்த்துக் கட்டும்போது மற்ற டிஸ்க்குகளில் இன்னொன்று இதேபோல் மௌனமானால் நிலைமை கை மீறும்.

வழி இரண்டு. ஸ்மார்ட்சிடிஎல் -எல் எஸ்சிடிஇஆர்சி என்று கேட்டுப் பாருங்கள். டிஸ்க் இதை ஏற்றுக்கொண்டால் எஸ்சிடிஇஆர்சி,70,70 என்று கொடுங்கள். 70 என்பது 7 விநாடி. ஏழு விநாடியில் டிஸ்க் "முடியவில்லை" என்று ஒப்புக்கொள்ளும், ரெய்டு அந்த செக்டரை மற்ற டிஸ்கிலிருந்து எடுத்துச் சரிசெய்துகொள்ளும். டிஸ்க் ஏற்காவிட்டால் லினக்ஸின் பொறுமையைக் கூட்டுங்கள்: சிஸ் அடைவில் பிளாக் என்பதற்குள் டிஸ்கின் பெயர், அதற்குள் டிவைஸ், அதற்குள் டைம்அவுட் கோப்பில் 180 என்று எழுதுங்கள். இரண்டுமே பவர் போய் வந்தால் மறைந்துவிடும். ஒவ்வொரு பூட்டிலும் தானாக ஓடும்படி யுடெவ் விதியாகவோ தொடக்கச் சேவையாகவோ வைத்தால்தான் பயன்.

பதிவு சொல்வதைப் படிப்பது

டிரைவர் எழுதும் வரிகளில் லாக்_இன்ஃபோ என்று ஒரு எண் வரும். முன்னால் உள்ள பூஜ்யம், எக்ஸ் இரண்டையும் விட்டுவிட்டு அடுத்த நாலு இலக்கத்தைப் பாருங்கள்.

3108 மிக அதிகமாக மிரட்டுவது. திரை முழுக்க முப்பது வரி ஒரே எண்ணோடு ஓடும். பயப்பட வேண்டாம். சாட்டா டிஸ்கில் வரிசையில் 32 கட்டளை நிற்கும்போது ஒன்று தோற்றால், மற்ற எல்லாவற்றையும் டிஸ்க் கைவிட்டுவிடும். அதுதான் சாட்டாவின் விதி. கைவிடப்பட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. குற்றவாளி ஒன்றுதான், கூட நின்றவர்கள் முப்பத்தொரு பேர். அந்த வரிகளின் பக்கத்தில் "மீடியம் எரர்", "அன்ரிகவர்ட் ரீட் எரர்" என்று எந்த டிஸ்கின் பெயரோடு வருகிறது என்று தேடுங்கள். அப்படி வந்தால் டிஸ்க் பழுது; டிஸ்க் தன் உடல்நலத்தைத் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில், கெட்ட செக்டரைக் காட்டும் 5, 197 எண்களும் ஏறியிருக்கும். அப்படி எதுவும் இல்லாமல் 3108 மட்டும் வந்தால், அந்த டிஸ்கின் க்யூ_டெப்த் கோப்பில் 1 எழுதிப் பாருங்கள். பிழை நின்றுவிட்டால் டிஸ்கின் ஃபர்ம்வேர் வரிசையைக் கையாள்வதில் கோளாறு. டிஸ்க் தயாரிப்பாளரிடம் புது ஃபர்ம்வேர் இருக்கிறதா பாருங்கள்.

3111 ரீசெட்டால் திரும்பியது, 3112 ரத்தானது. இவை விளைவுகள், அதற்கு முந்தைய அரை நிமிடப் பதிவில்தான் காரணம் இருக்கும். 3117 என்றால் டிஸ்க் இணைப்பிலிருந்தே விழுந்து, வருகிறதா என்று கார்டு காத்திருக்கிறது. பவர் அல்லது கேபிள்.

கேபிளைத் தனியே சோதிக்க ஸ்மார்ட்டின் 199-வது எண், அதாவது சிஆர்சி பிழை, உதவும். இந்த எண் எப்போதும் குறையாது. 40 இருந்தால் அது என்றோ வந்த 40 ஆகவும் இருக்கலாம். எழுதிவைத்துக்கொண்டு, டிடி கட்டளையால் முழு டிஸ்கையும் படித்து டெவ் நல்லுக்கு அனுப்பி, பிறகு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். படிக்கும் இடத்தைச் சொல்லும் ஐஎஃப், எழுதும் இடத்தைச் சொல்லும் ஓஎஃப் இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் டிஸ்க் அழிந்துவிடும். எண்டர் தட்டுமுன் இரண்டு முறை படியுங்கள். ஸ்மார்ட்டின் நீண்ட சோதனை இதற்கு உதவாது. அது டிஸ்குக்குள்ளேயே நடக்கிறது, கேபிள் வழியே தரவு போவதில்லை. "லாங் டெஸ்ட் பாஸ், ஆனா டிஸ்க் விழுது" என்றால் கேபிளையும் பவரையும் பாருங்கள்.

கார்டு பக்கத்துக் கணக்கும் கிடைக்கும். சிஸ் அடைவில் கிளாஸ், சாஸ்_ஃபை என்பதற்குள் எட்டு ஃபைகளும், அதாவது கார்டின் எட்டு இணைப்பு முனைகளும், வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் இன்வேலிட்_ட்வேர்ட்_கவுண்ட், லாஸ்_ஆஃப்_ட்வேர்ட்_சிங்க்_கவுண்ட் என்ற எண்ணிக்கைகள். எந்த ஃபையில் எந்த டிஸ்க் என்பதை டெவ், டிஸ்க், பை-பாத் பட்டியல் காட்டும். பூட் நேரத்தில் ஒன்றிரண்டு ஏறுவது இயல்பு. வேலை நடக்கும்போது ஏறிக்கொண்டே போனால் அந்த வால் பழுது.

மாற்றிப் போட்டுப் பார்ப்பது

கணினியை அணைத்துவிட்டு, விழுகிற டிஸ்கின் சாட்டா வாலையும் நல்ல டிஸ்கின் வாலையும் மாற்றுங்கள். பவர் கேபிளைத் தொடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். கோளாறு அதே டிஸ்கோடு போனால் டிஸ்க் அல்லது அதன் பவர். வாலோடு தங்கினால் கேபிள். கேபிளையும் மாற்றி அதே போர்ட்டில் நின்றால் கார்டு. டிஸ்குகளை எஸ்டிஏ, எஸ்டிபி என்று நம்பி இதைச் செய்யாதீர்கள், அந்தப் பெயர்கள் ஒவ்வொரு பூட்டிலும் மாறும். டிஸ்கின் வரிசை எண்ணின் கடைசி நாலு இலக்கத்தை ஒரு துண்டு டேப்பில் எழுதி, கழற்றாமலே தெரியும் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

எத்தனை டிஸ்க் ஒன்றாக விழுகிறது என்பதே பெரிய துப்பு. ஒன்று மட்டும் என்றால் டிஸ்க் அல்லது வால். ஒரே பிளக்கின் நாலும் என்றால் பிளக், அல்லது அந்த நாலும் பகிரும் பவர் கேபிள். பிளக்கும் பவர் கேபிளும் ஒரே நாலு டிஸ்குக்குப் போகாதபடி முன்பே குறுக்கே மாற்றிச் சொருகியிருந்தால் எது என்று பார்த்தவுடன் தெரியும். எட்டும் ஒன்றாக என்றால் கார்டு, ஸ்லாட், எஸ்.எம்.பி.எஸ்.

எட்டும் விழுந்தபோது பதிவில் "ஃபால்ட்_ஸ்டேட்" என்று வந்திருந்தால் கார்டின் ஃபர்ம்வேர் நின்றிருக்கிறது. டிரைவர் "டயக் ரீசெட்" செய்து எழுப்பும்; சக்சஸ் என்று வந்தால் வேலை தொடரும், ஆனால் அது முதல் எச்சரிக்கை. "நான்-ஆபரேஷனல்" என்று வந்தால் கார்டு பதிலே சொல்லவில்லை, டிரைவர் அதைக் கைவிட்டுவிட்டது. உடனே பவரை அணைத்துப் போட்டுப் பார்க்கத் தோன்றும். அதற்கு முன் டிமெசேஜ் முழுவதையும் பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். எத்தனை மணிக்கு நின்றது என்று பாருங்கள். மதியம் இரண்டுக்கும் நாலுக்கும் இடையே என்றால் ஹீட்சிங்கில் தொடங்குங்கள். யு.பி.எஸ். மாறிய நேரம் என்றால் பவரில் தொடங்குங்கள். இரண்டும் இல்லையென்றால் ஃபர்ம்வேர் பதிப்பு, அடுத்து பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப், அடுத்து வேறு ஸ்லாட். இத்தனைக்கும் பிறகே புதுக் கார்டு.

ஐடி மோடில் கார்டை மாற்றுவது எளிது. அதே ஃபர்ம்வேர் போட்ட இன்னொரு கார்டு, டிஸ்க் எந்த வரிசையில் இருந்தாலும் சரி. இசட்எஃப்எஸ்ஸும் எம்டிஏடிஎம்மும் டிஸ்கில் எழுதியுள்ள அடையாளத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளும்.

நம் ஊர்ப் பருவமும் பராமரிப்பும்

ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று காற்றாலைக்கு நல்லது, ஹீட்சிங்குக்கு ஆகாது. ராதாபுரம், திசையன்விளை பக்கம் செம்மண் தூசி தகடுகளுக்கு இடையே அப்பிக்கொள்ளும். கல்யாண ஸ்டுடியோவுக்கு ஆடியில் முகூர்த்த வேலை இருக்காது என்பதால் சர்வரை நிறுத்த அதுவே வசதி. மாதக் கடைசியில், காற்று தணிகிற நேரத்தில் ஊதித் துடைத்து, பேஸ்ட் பார்த்து, ஆவணிக்குத் தயாராகலாம். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஜவுளிக்கடைக்காரர்கள் புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும், ஐப்பசியில் தீபாவளிக் கூட்டம் வந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்கு முன் எர்த்தும் சர்ஜ் பாதுகாப்பும். சர்வரைத் தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வெள்ளம் ஊருக்குள் எங்கெல்லாம் வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். தரைத்தளமே வழி என்றால் இடுப்பு உயரத்துக்கு மேல் சுவரில் தாங்கி அடித்து வையுங்கள்.

மாற்றுக்குப் பெட்டியில் இருக்க வேண்டியவை: ஐடி மோடில் ஃப்ளாஷ் செய்து சோதித்த ஒரு கார்டு, இரண்டு ஃபார்வர்ட் கேபிள், ஒரு டிஸ்க், 92 மி.மீ. விசிறி ஒன்று, இஎஃப்ஐ பென்டிரைவ். பெட்டி மூடியின் உள்பக்கம் ஃபர்ம்வேர் பதிப்பு, சாஸ் முகவரி, கடைசியாகப் பார்த்த 199 எண்கள், பேஸ்ட் மாற்றிய தேதி ஆகியவற்றை மார்க்கரால் எழுதுங்கள். அடுத்த முறை யார் வந்து திறந்தாலும் அங்கிருந்து தொடங்குவார்கள்.